ஒரு மடிக்கணினி, இரண்டு இயங்குதளம்: ரேம் கூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாமா, உபுண்டு லினக்ஸ் போட்டேன். மவுஸை இப்போது நகர்த்தினால் அம்பு அப்புறம்தான் நகர்கிறது. ரேமை 16 ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும் என்று நண்பன் சொல்கிறான். வாங்கித் தருகிறீர்களா?" என்றான். 2018-இல் வாங்கிய இயந்திரம். இன்டெல் ஐ5 8250யூ செயலி, 8 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தங்கும் நினைவகம்), 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலரும் இதையே வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். அவனுடைய மடிக்கணினி நெடுக உதாரணமாக வரும்.

ரேமைக் கூட்டினால் இரண்டாவது இயங்குதளம் வேகமாக ஓடுமா?

இரண்டும் ஒரே நேரத்தில் ஓடப்போகின்றனவா, மாறி மாறி ஓடப்போகின்றனவா என்பதைப் பொறுத்தது. இதைக் கேட்டுக்கொள்ளாமலே கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

கணினியை இயக்கியதும் விண்டோஸா லினக்ஸா என்று தேர்ந்தெடுத்து உள்ளே போனால் அது டூயல் பூட். லினக்ஸ் ஓடும் நேரத்தில் விண்டோஸ் வட்டில் சும்மா கிடக்கும். ரேமில் ஒரு பைட்டைக்கூடத் தொடாது. 8 ஜிபி இருந்தால் எட்டும் லினக்ஸுக்கே. விண்டோஸ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில், பக்கத்தில் லினக்ஸை நிறுவிய ஒரே காரணத்தால் ரேம் பற்றாமல் போய்விடாது.

விண்டோஸுக்கு உள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து அதற்குள் லினக்ஸை ஓட்டினால் அது மெய்நிகர் கணினி. வீட்டில் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டதுபோல. குடிவந்தவர் காலி செய்யும்வரை அந்த அறை வீட்டுக்காரருக்கு இல்லை. இங்கேதான் ரேம் உண்மையில் நெருக்கடிக்கு உள்ளாகிறது. கூட்டினால் பலன் தெரிவதும் இங்கேதான்.

"எங்கே போட்டாய், உள்ளேயா வெளியேயா?" என்று கேட்டேன். உள்ளே என்றான். அவன் நண்பன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஹார்ட் டிஸ்க். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டில் எனக்கு எது பொருந்தும்?

பாடத்துக்காக லினக்ஸ் கட்டளைகளைப் பழக வேண்டும், பக்கத்திலேயே விண்டோஸில் வேர்டு கோப்பும் திறந்திருக்க வேண்டும் என்றால் மெய்நிகர் கணினி. கெடுத்துவிட்டாலும் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். முழு நாளும் லினக்ஸில்தான் வேலை, ரேமோ குறைவு என்றால் டூயல் பூட். கறுப்புத் திரைக் கட்டளைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு விண்டோஸிலேயே லினக்ஸை ஓட்டித்தரும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி போதுமானது. அதன் இரண்டாம் பதிப்பும் உள்ளுக்குள் ஒரு மெய்நிகர் கணினிதான். நாமாக வரம்பு வைக்காவிட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும்.

மொத்தம் எத்தனை ஜிபி வேண்டும்?

மெய்நிகர் கணினிக்கு 16. டூயல் பூட்டுக்கு 8. பெரும்பாலானவர்களுக்கு இதுவே பதில். கணக்கு வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. உபுண்டு 24.04-க்கும் 4 ஜிபி வேண்டும் என்கிறார்கள். லினக்ஸ் மின்ட் 2 ஜிபியில் எழுந்து நிற்கும். வசதியாக ஓட 4. நிறுவனங்கள் சொல்லும் குறைந்தபட்சம் என்பது "எழுந்து நிற்கும்" என்பதற்கான அளவு, நடமாட்டத்துக்கு அல்ல. அக்கா மகனின் இயந்திரத்தில் எதையும் திறக்காமலே விண்டோஸ் மூன்றரை ஜிபியைப் பிடித்திருந்தது. குரோமில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்ததும் இன்னும் ஒன்றரை போயிற்று. மிச்சம் மூன்று. அதிலிருந்து உபுண்டுவுக்கு 4 ஜிபி ஒதுக்கியிருந்தான். இல்லாத 1 ஜிபிக்கு எங்கே போவது? விண்டோஸ் ரேமில் உள்ளதை அள்ளி அள்ளி ஹார்ட் டிஸ்கில் எழுதியும், மறுபடி அங்கிருந்து எடுத்தும் சமாளித்துக்கொண்டிருந்தது. அம்பு தாமதமாக நகர்ந்ததன் ரகசியம் அதுதான்.

16 ஜிபி ஆனதும் உபுண்டுவுக்கு 6 கொடுத்தோம். விண்டோஸுக்கும் குரோமுக்கும் பத்து. யாரும் யாரையும் முட்டவில்லை. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்கள், இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகளை ஒன்றாக ஓட்டுகிறவர்கள் 32 ஜிபியைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை, சுழலும் தட்டு இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டியில் போடுங்கள்.

ரேம்தான் குறை என்று எப்படி உறுதிசெய்வது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து, மெய்நிகர் கணினியையும் ஓடவிட்டுப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நிற்கிறது, வட்டும் 100 சதவீதத்தில் திணறுகிறது என்றால் ரேம் குறை. மெமரி 60 சதவீதத்தில் இருக்கும்போதே வட்டு மட்டும் 100 காட்டினால் ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி. எத்தனை ஜிபி கூட்டினாலும் அது திருந்தாது. இரண்டும் சாதுவாக இருந்து செயலி மட்டும் உச்சத்தில் நின்றால், குறை ரேமில் இல்லை. மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தால், பயாஸில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) மெய்நிகராக்க வசதி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும். டாஸ்க் மேனேஜரின் செயலிப் பக்கத்திலேயே அது இயங்குகிறதா இல்லையா என்று எழுதியிருக்கும்.

என் மடிக்கணினியில் ரேமைக் கூட்ட முடியுமா?

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்துக்குப் போங்கள். வலது கீழ் மூலையில் ரேமைச் செருகும் ஸ்லாட்டுகள் எத்தனையில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேமின் வேகம் என்ன, அதன் வடிவம் என்ன என்ற மூன்று விவரமும் இருக்கும். வடிவம் என்ற இடத்தில் 'எஸ்ஓடிம்' என்றிருந்தால் கழற்றி மாற்றக்கூடிய பட்டை. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் சில்லுகளை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று பொருள். சில இயந்திரங்களில் 4 ஜிபியோ 8 ஜிபியோ பற்றவைத்தது, கூடவே ஒரு ஸ்லாட் காலி என்று இரண்டும் கலந்திருக்கும். ஸ்லாட் எண்ணிக்கை சில சமயம் தவறாகவும் காட்டும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டை இணையத்தில் தேடிப் பாருங்கள். திறந்து பார்த்துவிடுவது அதைவிட நிச்சயம்.

மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் எல்பிடிடிஆர் வகை ரேம் பற்றவைத்தே வருகிறது. அதில் செய்ய ஒன்றுமில்லை. 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து ஆப்பிள் சில்லு உள்ள மேக்புக் எல்லாவற்றிலும் நினைவகம் செயலியோடு ஒரே பொட்டலத்தில் இருக்கிறது. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான் ஆயுள் முழுக்க. புது மடிக்கணினி வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், "எந்த ஸ்லாட்டில்?" என்று கேளுங்கள்.

எந்த ரேமை வாங்குவது? டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று குழப்பமாக இருக்கிறதே?

தலைமுறை மாறினால் பொருந்தாது. மடிக்கணினிப் பட்டையில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. கீழ் விளிம்பில் இருக்கும் வெட்டும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், தவறானது ஸ்லாட்டுக்குள் இறங்காது. இறங்கவில்லை என்று அமுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம்.

வெட்டு பொருந்தியும் வேலை செய்யாத ஒரு வகை உண்டு. டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். இரண்டும் பார்க்க ஒன்றுபோல, ஸ்லாட்டிலும் உட்காரும். இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்து வந்த டிடிஆர்3 வகை மடிக்கணினிகளுக்கு 'எல்' உள்ளதுதான் வேண்டும். பழைய மடிக்கணினிக்குப் பழைய ரேம் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 8250யூ செயலி ஏற்பது டிடிஆர்4 2400. கடையில் கிடைத்ததோ 3200. போட்டோம், அது சத்தமில்லாமல் 2400-க்கு இறங்கி ஓடுகிறது. இரண்டு பட்டைகள் இருந்தால் மெதுவானதன் வேகத்துக்கு மற்றதும் இறங்கிவரும். 2400 என்ற எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுத்துப் பழைய சரக்கைத் தேட வேண்டியதில்லை.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போவதானால் பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரைச் சொல்லி விளக்குவதைவிட அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு தெளிவாகப் பேசும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை வாரிக்கொள்வது முக்கியக் காரணம். அதனால் தேவைக்கு மேல் வாங்கிவைக்கும் காலம் இதுவல்ல.

இருக்கும் 8 ஜிபியோடு 4 ஜிபி சேர்க்கலாமா? இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமா?

சேர்க்கலாம், ஓடும். ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகள் இருந்தால் செயலி இரண்டையும் ஒருசேரப் படிக்கும். இதை டூயல் சேனல் என்பார்கள். 8-உம் 4-உம் இருந்தால், பெரும்பாலான இன்டெல் இயந்திரங்களில் நான்குக்கு நான்கு ஜோடியாகவும் மிஞ்சிய நான்கு தனியாகவும் இயங்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினிகள் திரைக்கான நினைவகத்தையும் இதே ரேமிலிருந்துதான் எடுக்கின்றன. அவற்றில் ஜோடி அமைந்தால் உபுண்டுவின் சாளரங்கள் வழுக்கிக்கொண்டு நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிராண்டு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஆசைதான், கட்டாயம் இல்லை.

நானே மாட்டலாமா?

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் மாட்டலாம். நாங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தோம்.

முதலில் ஷட் டவுன், மூடிவைப்பது போதாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் போட்டு, கழற்றும் ஆணிகளை ஒரு தாளில் அவை இருந்த இடப்படியே வைத்துக்கொண்டு வந்தோம். எல்லாம் கழன்ற பிறகும் அடிமூடி ஒரு மூலையில் பிடிவாதமாக நின்றது. இழுத்தால் உடைந்துவிடும்போலிருந்தது. பின்பக்க ரப்பர் காலை நகத்தால் நெம்பிப் பார்த்தால் அதன் அடியில் இன்னொரு ஆணி. மூடி அசையவில்லை என்றால் எங்கோ ஓர் ஆணி ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூடி வந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பை போர்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக, ஏதாவது பெயிண்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

ரேம் ஸ்லாட்டின் மேல் கறுப்புத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தூக்கினால் கீழே ஒன்று நிரம்பியும் மற்றது காலியாகவும் தெரிந்தது. பட்டையை விளிம்பில் பிடித்து, வெட்டைப் பார்த்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் உள்ளே தள்ளினோம். தங்க நிற முனைகள் கிட்டத்தட்ட முழுக்க மறைய வேண்டும். பிறகு படுக்கவைத்து அமுக்கினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும்.

மாட்டிய பிறகு திரை கறுப்பாகவே இருக்கிறது. கெடுத்துவிட்டேனா?

எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. விசிறி சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மினுக்குகிறது, திரையில் ஒன்றுமில்லை. அக்கா மகனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மறுபடி திறந்து பார்த்தால் ஒரு பக்கம் தங்கக் கோடு மற்றப் பக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தது. கொக்கி பிடித்திருந்தாலும் பட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எடுத்து, நேராகத் தள்ளி, மறுபடி அமுக்கியதும் எழுந்துவிட்டது.

ஆகவே முதலில் கழற்றி மாட்டுங்கள். பிறகு புதியதை மட்டும், பழையதை மட்டும் என்று தனித்தனியாகப் போட்டு எது எழுகிறது என்று பாருங்கள். டிடிஆர்5 இயந்திரமாக இருந்தால் அவசரப்படாதீர்கள். புது ரேமை அது தானாகப் பழகிக்கொள்ள முதல் முறை சில நிமிடங்கள்கூட எடுக்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

16 ஜிபி போட்டேன், விண்டோஸ் 15.8 என்கிறதே?

மிச்சத்தை உள்ளமைந்த கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது. ஏமாற்றவில்லை. 4 ஜிபிக்கு மேல் போட்டும் மூன்றே சொச்சம் காட்டினால் நீங்கள் 32 பிட் விண்டோஸில் இருக்கிறீர்கள். 64 பிட்டுக்கு மாறாமல் பயனில்லை.

ரேம் கூட்டிய பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் எதையாவது மாற்ற வேண்டுமா?

கட்டாயம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புது ரேம் வந்ததெல்லாம் விண்டோஸுக்குத்தான் போகும். மெய்நிகர் கணினிக்கு நீங்கள் பழையபடி எழுதிக்கொடுத்த அளவே தொடரும். அதை அணைத்துவிட்டு, அமைப்புகளில் மெமரி நழுவுபட்டையை நகர்த்த வேண்டும். பச்சைப் பகுதிக்குள் நிற்கட்டும். மொத்தத்தில் பாதியைத் தாண்டாதீர்கள். சிவப்புக்குள் போனால் குடிவந்தவர் சௌகரியமாக இருப்பார், வீட்டுக்காரர் திண்ணைக்கு வந்துவிடுவார்.

அங்கேயே இன்னும் இரண்டு வேலை. செயலிக் கருக்கள் ஒன்று என்று இருந்தால் இரண்டாக்குங்கள். திரைக்கான வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள். பிறகு உபுண்டுவுக்குள் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களான கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுங்கள். இது இல்லாமல் எத்தனை ஜிபி கொடுத்தாலும் திரை இழுத்துக்கொண்டுதான் வரும். ரேமை இன்னும் மிச்சப்படுத்த நினைப்பவர்கள் உபுண்டுவுக்குப் பதில் சுபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ எடுத்துக்கொள்ளலாம்.

டூயல் பூட்தான் வைத்திருக்கிறேன், ரேமும் 16. ஆனாலும் லினக்ஸ் எழ இரண்டு நிமிடம் ஆகிறது.

ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா? அதை மாற்றுங்கள். சுழலும் தட்டில் ஊசி ஒவ்வோர் இடமாகப் போய்த் தேடுவதற்குப் பத்து மில்லிநொடிபோல ஆகும். இயங்குதளம் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அப்படித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் தேடுவதற்கு ஊசியே இல்லை. அக்கா மகனுக்கு ரேமைவிட முதலில் வாங்கிக்கொடுத்தது 500 ஜிபி எஸ்எஸ்டிதான். அதைப் போட்ட அன்றே, ரேம் இன்னும் 8 ஆக இருந்தபோதே, மடிக்கணினி பாதி குணமாகிவிட்டது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 8 ஜிபி உள்ளவர்கள் எஸ்எஸ்டியையும், 4 ஜிபி உள்ளவர்கள் ரேமையும் முதலில் வாங்கட்டும்.

டூயல் பூட்காரர்கள் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை அணைத்துவிடுவதும் நல்லது. அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் போகும். லினக்ஸிலிருந்து அந்த வட்டில் எழுதப் போனால் அனுமதி கிடைக்காது. விண்டோஸ் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால், வட்டின் பிரிவுகளைத் தொடுவதற்கு முன்பு மீட்புக் குறியீட்டை வேறெங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்குப் போய்விட்டு வந்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது. ரேம் மாற்றியதாலா?

ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். நமக்கும் பொது நேரத்துக்கும் உள்ள தூரம் ஐந்தரை மணி. லினக்ஸில் நேர அமைப்பை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும்.

ரேம் கூடினால் ஸ்வாப்பையும் கூட்ட வேண்டுமா?

ரேம் பற்றாதபோது லினக்ஸ் வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்தான் ஸ்வாப். அதைக் கூட்ட வேண்டியவர்கள் ஹைபர்னேட் செய்கிறவர்கள் மட்டும். ரேமில் உள்ளதை அப்படியே வட்டில் இறக்கிவைப்பதால், லினக்ஸில் ஸ்வாப் குறைந்தது ரேம் அளவாவது இருந்தால் நிம்மதி. மற்றவர்களுக்கு 2 முதல் 4 ஜிபி போதும். விண்டோஸும் ஹைபர்னேட்டுக்கென ஒரு கோப்பு வைத்திருக்கிறது. 16 ஜிபி ஆனதும் அது 6 ஜிபியைத் தாண்டி வீங்கியிருக்கும். சிறிய எஸ்எஸ்டியில் திடீரென்று இடம் குறைந்துவிட்டதே என்று தேடுகிறவர்களுக்கு விடை அதுதான்.

பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி கிடக்கிறது. அதில் கூட்டலாமா?

2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் முதல் கட்ட மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேமும், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், பாஸ் லினக்ஸும் இருந்தன. நம் வீடுகளில் டூயல் பூட் அறிமுகமானதே அப்படித்தான், பலர் அந்த லினக்ஸ் பக்கம் போனதே இல்லை என்றாலும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் தொடாது; அந்தப் பதிப்புக்கே அதுதான் உச்சவரம்பு. ஆகவே ரேம் கூட்டுவதென்றால் விண்டோஸை மறந்துவிட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டு இயங்குதளம் சுமக்கும் வயதை அது தாண்டிவிட்டது.

பழைய ரேம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சோதித்துப் பார்த்து வாங்கலாம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை, நன்றாக இருப்பது நெடுங்காலம் ஓடும். ஆனால் பழுதான ரேம் நேரடியாகக் காட்டிக்கொடுக்காது. விண்டோஸில் நாள்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, லினக்ஸை நிறுவும்போது பாதியில் கோப்பு சிதைந்துவிட்டது என்று சொல்லும். நாம் பென் டிரைவைத் திட்டிக்கொண்டிருப்போம். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பி, இரவு படுக்கப்போகும்போது ஓடவிடுங்கள். 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். காலையில் எழுந்து பார்க்கும்போது சிவப்பில் ஒரே ஒரு வரி இருந்தாலும் கடை திறந்ததும் போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.